ஆழியாற்றுக் கணக்கு: மீன்வளக் கூட்டாய்வுக்கு யார், எப்படிப் பணம் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை பவானிசாகர் அணைப் பூங்காவுக்குப் போகிற குடும்பங்கள் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடாமல் ஊர் திரும்புவது அரிது. மேட்டூரிலும் ஆழியாற்றிலும் இதே வழக்கம்தான். இலையில் வைத்துத் தரப்படும் அந்த மீன் பெரும்பாலும் கட்லாவாகவோ ரோகுவாகவோ ஜிலேபியாகவோ இருக்கும். இவற்றில் ஒன்றுகூடப் பவானிக்கோ காவிரிக்கோ பிறவி மீன் அன்று. கட்லாவும் ரோகுவும் கங்கை முதலிய வடக்கத்திய ஆறுகளைத் தாயகமாகக் கொண்டவை. ஆப்பிரிக்க இனமான ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால், 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுஞ்ஞியும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் வேண்டிய அளவு குஞ்சுகளைப் பண்ணைகளிலேயே உருவாக்கிக் குளங்களிலும் அணைகளிலும் விடும் வழி திறந்தது. அணைக்கரையில் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் ஒரு துண்டு மீனுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் ஆய்வுச் செலவு இருக்கிறது.

அந்தச் செலவை ஏற்றவர்கள் யார், இனி ஏற்கப்போகிறவர்கள் யார் என்ற கேள்வி கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. 2022-இல் உலக அளவில் மீன், இறால், சிப்பி போன்ற நீர்வாழ் உயிர்களில் பிடித்தவற்றைவிட வளர்த்தவை முதல்முறையாக மிகுந்தன என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வளர்ப்பு மட்டும் 9.44 கோடி டன். இந்தியாவில் 2022-23-இல் கிடைத்த 175 லட்சம் டன் மீனில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் வந்தது. கடலே இல்லாத கொங்கு நாடு மேட்டூர், பவானிசாகர், அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு என்று வரிசையாக நீர்த்தேக்கங்களைக் கொண்டது. மேட்டூர் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு மட்டுமே சுமார் 15,000 ஹெக்டேர். இத்தனை நீரையும் நாம் பாசனக் கணக்கிலும் மின்சாரக் கணக்கிலும்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

நீர்த்தேக்க மீன்வளத்தைத் தனியாக ஒரு நிறுவனம் ஆய்ந்து முடித்துவிட முடியாது என்பதற்குக் காரணம் அறிவியலின் கடினம் மட்டுமன்று; உடைமை பல கைகளில் பிரிந்து கிடப்பதுதான் முதன்மையான காரணம். தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் நீர்வளத் துறை. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் போன்றவற்றில் அந்தத் துறையும் தன் விருப்பப்படி மட்டும் செய்துவிட முடியாது; கேரளத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. மீன்பிடி உரிமை சில அணைகளில் 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கிறது. வேறிடங்களில் மீன்வளத் துறையிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் இருக்கிறது. வலையும் பரிசலும் மீனவர் கையில். மேலேயுள்ள மலைச்சரிவு வனத்துறைக்கு உரியது. நன்னீர் மீன் ஆய்வின் தலைமை நிறுவனங்களோ மேற்கு வங்கத்தின் பாரக்பூரிலும் ஒடிசாவின் புவனேசுவரத்திலும் உள்ளன. மாநில மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினம். இவர்களில் ஒருவர் மட்டும் முனைந்தால் ஆய்வறிக்கை வெளிவரும், மீன் பெருகாது.

இதற்கு நேர்மாறாக, எல்லோரும் ஒரு திட்டத்துக்கு இசைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் நிறைந்த நிலையில் சுமார் 650 ஹெக்டேர் பரப்புள்ள ஆழியாறு அணையில், 1964-65-இல் ஒரு ஹெக்டேருக்குக் கிடைத்த மீன் 1.67 கிலோ. 1990-இல் அது 194 கிலோ. இந்தியச் சிறு நீர்த்தேக்கங்களின் சராசரி அக்காலத்தில் 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், எல்லா நீர்த்தேக்கங்களையும் சேர்த்த சராசரி 20 கிலோ அளவிலும் இருந்தன என்பதோடு ஒப்பிட்டால்தான் அந்த 194-இன் எடை தெரியும். இதற்காகப் புதிய மீன் இனம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்கப்படவில்லை. மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் வகுத்துக் கொடுத்த மேலாண்மை முறை நடைமுறைக்கு வந்தது, அவ்வளவுதான்.

அந்த முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். முன்பு பல வகைக் குஞ்சுகளைச் சிறிய அளவிலேயே அள்ளி விடுவது வழக்கம். எண்ணிக்கை கணக்கில் நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகள் அணையிலுள்ள பெரிய மீன்களுக்கு இரையாகிவிடும். புதிய முறையில் வேகமாக வளரும் பெருங்கெண்டைகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 100 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளே விடப்பட்டன. ஹெக்டேருக்கு விடும் எண்ணிக்கை குறைக்கப்பட்டு முன்னூறுக்குள் நிறுத்தப்பட்டது. ஒரே நாளில் கொட்டாமல் பல தவணைகளாக விட்டார்கள். இவை குஞ்சு விடும் பக்கம். பிடிக்கும் பக்கத்தில், வலைக்கண்ணின் குறைந்தபட்ச அளவு கண்டிப்பாகக் காக்கப்பட்டது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. கட்லா போன்ற மீன் தொடக்கத்தில் வேகமாக எடை கூடுவது என்பதால், கால் கிலோவில் பிடித்துவிடுவது பயிரைப் பாலிலேயே அறுப்பதற்குச் சமம்.

இந்த ஐந்தாறு விதிகளில் ஒன்றுகூட ஆய்வகத்துக்குள் நிறைவேறக்கூடியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய குஞ்சு வேண்டுமென்றால் நாற்றங்கால் குளத்தில் கூடுதலாகச் சில வாரங்கள் வளர்க்க இடமும் தீவனமும் வேண்டும். அது பண்ணையின் பொறுப்பு. தவணையாக விட வேண்டுமென்றால் அணை எப்போது நிரம்பி வழியும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அது நீர்வளத் துறையின் தகவல். ஒரு கிலோ வரை காத்திருக்க வேண்டுமென்றால், இன்றைக்கு வலையில் விழும் முக்கால் கிலோ மீனைத் திரும்பத் தண்ணீரில் விட மீனவர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை உண்டு. வலைக்கண்ணைப் பெரிதாக்கும் முதல் ஆண்டில் அவருடைய வருமானம் குறையும். பலன் அடுத்த ஆண்டுதான் வரும். பழைய தங்கூசி வலையைத் தூக்கிப்போட்டுப் புது வலை வாங்கவும் காசு வேண்டும். கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்துக்கு அரசு நிவாரணம் தருவதன் தர்க்கம் இதுவே. அணைக்கரைக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் வேதிப்பொருள், கருவி, பயணம், ஆய்வு உதவியாளர் என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதப்படும் ஆய்வு நிதிப் படிவத்தில், மீனவர் காத்திருப்பதற்கான செலவு என்றொரு தலைப்பை எளிதில் காண முடியாது. கூட்டாய்வு என்ற சொல்லை நாம் உண்மையாகச் சொல்கிறோமா என்பதை இந்த ஒரு தலைப்பைக் கொண்டே அளந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நிதி வருகிற வழிகள் பல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டங்கள் பழைய வழி. ஒரே கேள்வியைப் பல மாநிலங்களில் ஒரே முறையில் ஆய்வது அவற்றின் நோக்கம். நன்னீர் நீர்த்தேக்கங்களின் சூழலியலையும் மீன்வளத்தையும் பற்றிய அத்தகைய திட்டம் 1971-இல் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களில் ஒன்று பவானிசாகர்; நாகார்ஜுனசாகரும் ரிஹண்டும் கோவிந்த்சாகரும் மற்ற மையங்களுள் சில. பத்தாண்டுக் காலம் ஒரே முறையில் நீரின் தன்மை, மிதவை உயிரிகள், மீன்பிடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்ததால்தான் எந்த அணையில் எவ்வளவு மீன் விளையக்கூடும் என்று கணிக்கும் அடிப்படை கிடைத்தது. ஆழியாற்று வெற்றி வெறுங்கையால் முழம் போட்டதன்று. அதற்கு முன் இந்தப் பத்தாண்டுப் பொறுமை இருந்தது.

ஐரோப்பிய நாடுகள் வேறொரு முறையைக் கையாண்டு பார்த்தன. மீன்பிடிப்பு, நீர்வாழ் உயிரி வளர்ப்பு, பதப்படுத்தல் ஆகிய மூன்றுக்கும் 2013-இல் தொடங்கிய கோஃபாஸ்ப் என்ற வலையமைப்பு, பல நாடுகளின் நிதி நிறுவனங்களை ஒரே அறிவிப்பின்கீழ் கொண்டுவந்தது. இத்தகைய அமைப்புகளில் பொதுப்பானை, அதாவது கூட்டு நிதி, இரண்டு விதமாக வைக்கப்படுகிறது. நம் ஊர்க் கோயில் நோன்பியில் தலைக்கட்டு வரி போட்டு ஒரே அண்டாவில் சமைத்து எல்லோருக்கும் பரிமாறுவது ஒரு விதம். ஒரே வாசலில் ஒரே நேரத்தில் அவரவர் பானையில் அவரவர் பொங்கல் வைப்பது இன்னொரு விதம். ஐரோப்பியக் கூட்டு அறிவிப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு நாட்டின் பணமும் அந்நாட்டு ஆய்வாளருக்கே போகும். தேர்வு மட்டும் பொது. அரசுகள் இதற்கு எளிதில் இணங்குகின்றன, தம் மக்களின் வரிப்பணம் எல்லை தாண்டுவதில்லை என்பதால். குறையும் அங்கேதான் இருக்கிறது. தரவரிசையில் முன்னால் நிற்கும் ஒரு திட்டத்தில் பங்கேற்கும் நாடுகளில் ஏதேனும் ஒன்றின் பானை காலியாகிவிட்டால், முழுத் திட்டமும் தவறிப்போகக்கூடும்.

நம் நாட்டில் பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் திட்டங்களும் நடைமுறையில் இரண்டாவது வகையைத்தான் ஒத்திருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் தவணையைத் தனியாகப் பெற்று, பணத்தை உரிய வகையில் செலவிட்டதற்கான தன் பயன்பாட்டுச் சான்றிதழைத் தனியாக அனுப்புகிறது. ஒருவரின் சான்றிதழ் தாமதமானால் நீர் மாதிரி எடுப்பவர் ஓரிடத்திலும் அதைச் சோதிக்க வேண்டியவர் இன்னோரிடத்திலும் காத்துக்கிடக்க நேரிடும். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின் 20,050 கோடி ரூபாய் பெரிய தொகைதான். ஆனால் அதன் இயல்பு குளம் வெட்டவும் அணை நீரில் மீன் வளர்க்கும் கூண்டு அமைக்கவும் குளிர்பதன வண்டி வாங்கவும் மானியம் தருவது. அந்தக் கூண்டுகளை எந்த அணையில், எத்தனை வைக்கலாம் என்று அளந்து சொல்லும் ஆய்வுக்கு வேறு இடத்தில்தான் பணம் தேட வேண்டியிருக்கிறது.

பன்னாட்டுக் கூட்டாய்வின் பலனும் சிக்கலும் ஒருங்கே தெரியும் எடுத்துக்காட்டு ஜிலேபியிலேயே இருக்கிறது. மரபுவழி மேம்படுத்திய பண்ணை ஜிலேபியை உருவாக்க 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் கொடுத்தன. இன்று வேர்ல்ட்ஃபிஷ் என்று அறியப்படும் நிறுவனமும் நார்வேயின் மரபியல் ஆய்வாளர்களும் பிலிப்பைன்ஸ் அரசு நிறுவனங்களும் கூட்டாளிகள். எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளின் காட்டு ஜிலேபியையும் ஆசியாவில் ஏற்கனவே வளர்க்கப்பட்ட நான்கு கால்வழிகளையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வேகமாக வளரும் மீனை உருவாக்கினார்கள். சால்மன் மீனுக்காக நார்வே வளர்த்தெடுத்த தேர்வு முறை ஏழை நாட்டுக் குளத்து மீனுக்குப் பயன்பட்டது. அதே நார்வேக் கூட்டுறவில்தான் புவனேசுவரத்தில் ஜெயந்தி ரோகுவும் உருவாகி 1997-இல் வெளியிடப்பட்டது. கிஃப்ட் திட்டத்தின் மானியக் காலம் முடிந்தபோது எழுந்த கேள்வி வேறு: இனிமேல் இந்தத் தாய்மீன் கூட்டத்தைப் பராமரிக்கப் பணம் யார் கொடுப்பது? அதற்காக அமைக்கப்பட்ட அறக்கட்டளை 1999-இல் நார்வேயின் தனியார் நிறுவனமான ஜெனோமாருடன் உடன்பாடு செய்துகொண்டது. பொதுப்பணத்தில் பிறந்த மரபு வளத்தின் ஒரு கிளை வணிகக் கைக்குப் போனதும், இன்னொரு கிளையை வேர்ல்ட்ஃபிஷ் மலேசியாவில் பொதுநோக்கில் தொடர்ந்து வளர்த்ததும் இன்றுவரை விவாதிக்கப்படும் செய்திகள். கூட்டு ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, மானியம் தீர்ந்த பிறகு விதை யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிட வேண்டும் என்ற பாடத்தை அந்தத் திட்டம் விலை கொடுத்துக் கற்றது.

அந்த கிஃப்ட் ஜிலேபி இப்போது நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீடித்த நீர்வாழ் உயிரி வளர்ப்பு மையங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரிலும் ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் செயல்படுகின்றன. பண்ணைக் குட்டை வெட்டிய விவசாயிக்கு, தென்னைக்கும் மஞ்சளுக்கும் பாயும் தண்ணீரிலேயே ஒரு துணை வருமானம் கிடைக்கும் என்பது உண்மையான நம்பிக்கை. ஆயினும் ஜிலேபி தப்பித்து ஆற்றில் சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு 1952-இல் வந்த பழைய ஜிலேபியே சாட்சி: அது தமிழ்நாட்டின் பல குளங்களையும் நீர்த்தேக்கங்களையும் நிறைத்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண் மீன்களை மட்டும் வளர்ப்பது, தண்ணீர் வெளியேறும் வாயில் சல்லடை போடுவது, பதிவு பெறாமல் வளர்க்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் அதனால்தான் விதிக்கப்பட்டன. இவை குட்டையளவில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று தொடர்ந்து பார்க்கப் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் விவசாயிகளும் சேர்ந்த கண்காணிப்பு வேண்டும்.

இந்தக் கவலை வெறும் கற்பனையன்று, ஏனென்றால் பவானிசாகருக்குள் விழும் மோயாற்றில், காவிரித் தொகுதிக்கு வெளியே உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் ஒதுங்கியிருக்கிறது. அந்தத் திமில் முதுகு மஹ்சீர், ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய பெரிய கெண்டை. தூண்டில்காரர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் 2018 வரை அதற்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. இங்கிலாந்து, கேரள ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு மோயாற்று மீனை ஆய்ந்து, அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்ற இனமே இது என்று நிறுவியது. அதே ஆண்டு அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. காவிரியின் பிற பகுதிகளில் அது மறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று நெஞ்சை உறுத்துவது: மகாராஷ்டிரத்தின் லோணாவளாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள், மஹ்சீரைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு பல ஆண்டுகள் காவிரியில் விடப்பட்டன, அவை பெருகின, சொந்த மீன் சுருங்கியது. மரபியலாளரும் ஆற்றை அறிந்தவரும் முன்பே ஒன்றாக உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்க வேண்டியதில்லை. மோயாற்றின் இரு கரைகளும் புலிகள் காப்பகங்களுக்குள் இருப்பதால் வனத்துறையின் இசைவின்றி ஒரு வலையைக்கூட நனைக்க முடியாது. எனவே மீன்வளத்துக்கான நிதியும் காட்டுயிருக்கான நிதியும் ஒரே திட்டத்தில் சேராதவரை இந்த மீனைப் பற்றி நமக்குத் தெரிவது சொற்பமாகவே இருக்கும்.

நொய்யலைப் பற்றி இங்கே நீட்டி எழுதத் தேவையில்லை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறிய கதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோரும் அறிந்தவை. அந்த ஆற்றுக் குளங்களில் பிடிக்கும் மீனைத் தின்னலாமா என்பது மீன்வளத்தோடு பொதுச் சுகாதாரமும் நீர்வேதியியலும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய கேள்வி.

சேர்ந்து பணம் போட்டு ஆய்வு செய்வது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. பருத்தி ஆலைகள் ஒன்றுகூடி 1956-இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தன. போட்டியாளர்களான ஆலைகளே பொது ஆய்வகத்துக்குச் சந்தா கட்டின, மத்திய அரசும் பங்கு கொடுத்தது. 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு இன்றும் பல மாநிலங்களின் ஆய்வாளர்கள் கலப்புக்காக வருகிறார்கள், கரும்பு இங்கே நன்றாகப் பூக்கிறது என்பதால். இன்னொரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த பிரெடரிக் நிக்கல்சன், 1890-களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை இந்தியாவுக்குப் பரிந்துரைத்த அறிக்கையை எழுதினார். 1905 முதல் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியைத் தொடங்கி வழிநடத்தியவரும் அவரே. கூட்டுறவும் மீன்வளமும் ஒரே மனிதரின் கவலையாக இருந்த காலம் நமக்கு இருந்திருக்கிறது.

ஜவுளிக்கும் மீனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆலை முதலாளிகளால் சந்தா கட்ட முடிந்தது. கிலோக் கணக்குக் கூலிக்கோ பங்குக்கோ மீன் பிடித்துக் கொடுக்கும் பரிசல்காரரால் முடியாது. ஆகவே அவர் சார்பில் யாராவது கட்ட வேண்டும். அணை மீன் விற்பனையில் வரும் தொகையில் ஒரு சிறு பங்கை அந்தந்த அணையின் ஆய்வுக்கென்றே ஒதுக்குவதும், அதற்கு இணையான தொகையை மாநில அரசும் மத்திய நிறுவனங்களும் சேர்ப்பதும், செலவைத் தீர்மானிக்கும் குழுவில் மீனவர் சங்கத்துக்கு வாக்கு அளிப்பதும் செய்யக்கூடியவைதான். முதல் செலவாக எதை வைப்பது என்று கேட்டால், கரையில் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு பரிசலிலும் வந்த மீனை இனம் பிரித்து எடைபோட்டு எழுதும் பதிவேட்டைத்தான் சொல்வேன். 1.67 என்ற எண்ணை யாரோ எழுதிவைத்திருந்ததால்தான் 194 என்பதற்குப் பொருள் கிடைத்தது. பட்டம் பெற்றுத்தரும் வேலையன்று அது. ஆய்விதழில் பெயர் வராது. ஆனால் மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் முதலில் நின்றுபோவது அந்தப் பதிவேட்டுக்காரரின் சம்பளம்தான்.

இன்னொன்று, பணம் வந்து சேரும் மாதம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்புதல்களும் சான்றிதழ்களும் கடந்து தவணை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகின்றன. மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடிப்பது ஜூனில், ஆடி பதினெட்டுக்குள் பல ஆண்டுகளில் பவானியும் மேட்டூரும் நிறையத் தொடங்கிவிடும். நாற்றங்காலில் குஞ்சை 100 மில்லிமீட்டருக்கு வளர்க்கத் தீவனம் வாங்க வேண்டியது அதற்கு முன்பு. தவணை கார்த்திகையில் வந்தால், விடுவதற்குப் பெரிய குஞ்சு இருக்காது. மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் கிடைத்த சிறு குஞ்சை வாங்கி, நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் அணையில் விட வேண்டியிருக்கும். நிதி தரும் நிறுவனங்கள் தங்கள் தவணை நாளை மழையின் நாள்காட்டியோடு பொருத்தி வைப்பதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது.